வான்கோழிக்கும் ஒரு கைப்பிடிச்சுவர்



நவம்பர் வந்துவிட்டது. வாலிபர் ஐக்கியத்தில் ஜெபம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் இப்போது ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழியை ஓவன்ல வைக்க வேண்டாம். வெளியே பெரிய பானையில எண்ணெய் காய வச்சு முழுசாப் பொரிச்சிருவோம்." பானையும் பர்னரும் வாங்கியாயிற்று என்று இரண்டு மூன்று வீடுகளிலிருந்து செய்தி வந்திருக்கிறது. "அக்கா, இதுல ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்று சில அம்மாமார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதனால் இந்த மாதம் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வான்கோழியைப் பற்றியே பேசுவோம்.

செவிலியர் வேலைக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. நீங்கள் மேஜையைச் சுற்றி உட்காரும் அந்த வியாழக்கிழமை மதியம், எங்களில் சிலர் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றுகொண்டிருப்போம். நம் சபைப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட அங்கே பார்க்கக் கூடாது என்பதே எங்கள் ஆசை. அந்த ஆசையில்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எண்ணெயில் முக்கிப் பொரிக்கும் வெளிப்புற கேஸ் ஃபிரையர்களை வீடுகளில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் ஆலோசனை. வருஷத்தில் சமையலால் வீடுகள் அதிகமாகத் தீப்பிடிக்கும் நாள் தேங்க்ஸ்கிவிங் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். பொரிப்பது என்று முடிவானால், கீழே உள்ளதை முழுவதும் வாசித்துவிட்டுச் செய்யுங்கள். பாதி வாசித்துவிட்டுச் செய்யாதீர்கள்.

ஏன் பொரிக்க ஆசைப்படுகிறோம்?

1621இல் பிளிமத் குடியேறிகளும் வம்பனோவாக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தைத்தான் இந்த நாட்டில் முதல் தேங்க்ஸ்கிவிங் என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதைத் தேசிய நாளாக அறிவித்தார். நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941இல். முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கும் வழக்கமோ தெற்கே லூசியானாவின் கேஜுன் மக்களிடமிருந்து பரவியது. மிளகாய்க்கும் மசாலாவுக்கும் பயப்படாத ஜனங்கள் அவர்கள். நம் நாக்குக்கு அது பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஓவனில் வெந்த வான்கோழி நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இறங்காது. மார்புக்கறி வறண்டிருக்கும், உப்பும் உறைப்பும் உள்ளே போயிருக்காது. ஊரிலிருந்து வந்திருக்கும் ஆச்சி மரியாதைக்கு ஒரு துண்டை எடுத்துவைத்துவிட்டு, ரசமும் சோறும் எங்கே என்று கண்ணால் தேடுவார்கள். பொரித்த வான்கோழி அப்படி அல்ல. தோல் மொறுமொறுப்பாக, கறி ஈரமாக இருக்கும். பேரப்பிள்ளைகளும் ஆச்சியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். 12 பவுண்டு வான்கோழி ஓவனில் வேக ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். எண்ணெயிலோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓவனும் மற்ற பதார்த்தங்களுக்குக் காலியாக இருக்கும். ஆகவே உங்கள் ஆசை எங்களுக்குப் புரிகிறது.

பானை ஏன் தீப்பிடிக்கிறது?

சுடுகிற எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலையைப் போட்டால் என்ன ஆகும் என்று தாளித்துப் பழகியவர்கள் யாரிடமும் கேட்டுப்பாருங்கள். படபடவென்று வெடிக்கும், எண்ணெய் கைமேல் தெறிக்கும். ஓர் இணுக்குக் கறிவேப்பிலையில் இருக்கும் ஈரத்துக்கே அவ்வளவு ஆர்ப்பாட்டம். இப்போது வயிற்றுக்குள் பனிக்கட்டி உறைந்திருக்கும் ஒரு முழு வான்கோழியை நினைத்துப்பாருங்கள்.

தண்ணீர் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகிறது. பொரிக்கும் எண்ணெயோ 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கும். இறங்கிய வேகத்திலேயே ஆவியாகும். ஆவியாகும்போது அது சுமார் 1,700 மடங்கு பெருகும். அந்த ஆவி எண்ணெயை மேலே தள்ளிக்கொண்டு பானையின் விளிம்பைத் தாண்டும். விளிம்பைத் தாண்டிய எண்ணெய் கீழே எரியும் பர்னரில் வழியும். மற்றது சில நொடிகளில் முடிந்துவிடும்.

பானையில் எண்ணெய் அதிகமாக இருந்தாலும் இதே கதைதான். பறவையை இறக்கியதும் எண்ணெய் மட்டம் ஏறி வெளியே வழியும். மூன்றாவது காரணம் சூடு. இந்த ஃபிரையர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சூட்டைத் தானாக நிறுத்தும் கருவி கிடையாது. பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் எண்ணெய் காய்ந்துகொண்டே போகும். முதலில் புகையும், அதன்பின் தீப்பற்றும்.

ஈரம், அளவு, சூடு. இந்த மூன்றையும் அடக்கினால் ஆபத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். அதில் முதல் இரண்டையும் தீ மூட்டுவதற்கு முன்பே அடக்கிவிடலாம்.

கடையில் வாங்கும்போது

12 பவுண்டுக்கு மேல் வாங்காதீர்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு என்று கணக்கு வைத்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போதும். இருபது பேர் வருகிறார்கள் என்றால் சிறியதாக இரண்டு வாங்கி ஒன்றை ஓவனில் வையுங்கள். பெரிய பறவை எண்ணெயில் வெளியே கருகிவிடும், உள்ளே வேகாது.

உறையில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பல வான்கோழிகளுக்குள் ஏற்கெனவே உப்புத்தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். அதை மறுபடியும் உப்புநீரில் ஊறவைத்தால், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு அது நல்லதல்ல. உப்பு ஏற்றியதுதான் கிடைத்தது என்றால் உங்கள் மசாலாவில் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்திகரித்த கடலை எண்ணெய் சுமார் 450 டிகிரி ஃபாரன்ஹீட் வரை புகையாது. அதனால்தான் பலரும் அதை விரும்புகிறார்கள். சுத்திகரிக்காத நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பொரிக்கும் சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிடும், அவை வேண்டாம். வருகிறவர்களில் யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் புரதம் இருக்கும், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் சுத்திகரித்த கனோலா எண்ணெய் வாங்குங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை, வீட்டுக்கு வந்த இடத்தில் வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடும். கேட்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

ஞாயிறு முதல் புதன் வரை

உறைந்த வான்கோழி ஃபிரிட்ஜில் இளக, ஒவ்வொரு 4 அல்லது 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் வேண்டும். 12 பவுண்டுக்கு 3 நாள். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சுலபமான வழி சொல்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும், உடை மாற்றுவதற்கு முன் வான்கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்துவிடுங்கள். புதன் மாலைக்குள் இளகிவிடும்.

சமையல் மேடைமேல் வைத்து இளக்காதீர்கள். உள்ளே ஐஸாக இருக்கும்போதே வெளிக்கறி கெட ஆரம்பித்துவிடும். அவசரம் என்றால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி, 30 நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி நேரம் என்ற கணக்கில் 12 பவுண்டுக்கு 6 மணி நேரம். இப்படி இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும்.

புதன் மாலை உறையைப் பிரியுங்கள். வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கையை விட்டுப் பாருங்கள். ஈரல், கழுத்தெல்லாம் ஒரு பொட்டலத்தில் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். கால்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி, மார்பில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ் இரண்டையும் அகற்றுங்கள். விரல் நுனிக்கு ஐஸ் தட்டுப்பட்டால் இன்னும் இளகவில்லை என்று அர்த்தம்.

அம்மாமாருக்கு ஒரு விண்ணப்பம். கறியைக் கழுவாமல் சமைப்பதா என்று உங்கள் மனம் கேட்கும். ஆனால் பச்சை வான்கோழியைக் குழாயடியில் கழுவினால் அதிலுள்ள கிருமிகள் சிங்க், மேடை, பக்கத்தில் இருக்கும் சாலட் என்று எல்லா இடத்திலும் தெறிக்கும். கழுவ வேண்டாம் என்பதே அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரையும். நமக்கோ கழுவாததில் இன்னொரு லாபமும் உண்டு, ஈரம் குறையும். காகிதத் துண்டால் உள்ளும் புறமும் நன்றாக ஒற்றி எடுங்கள். பிறகு கையை சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.

மசாலா உலர்ந்த தூளாகவே இருக்கட்டும். மிளகுத்தூள், மல்லித்தூள், மஞ்சள், பூண்டுத்தூள் போதும். இஞ்சி பூண்டு விழுது, தயிர், எலுமிச்சைச்சாறு எல்லாம் ஈரம். அவற்றைப் பக்கத்தில் வைக்கும் சட்னிக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே வெங்காயம், ரொட்டி என்று எதையும் அடைக்காதீர்கள். தூளைத் தடவி, ஒரு தட்டில் வைத்து, மூடாமல், மற்ற உணவுகள் மேல் படாதபடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் விடுங்கள். ஃபிரிட்ஜின் குளிர்காற்றே தோலை உலர்த்திவிடும்.

எண்ணெயை அளப்பதற்குத் தண்ணீர்

இதையும் முன்கூட்டியே செய்யுங்கள். புதன் மாலை, உறையைப் பிரிக்கும் முன் செய்வது நல்லது. உறையோடு வான்கோழியைப் பானையில் வைத்து, அது மூழ்கி மேலே ஓர் அங்குலம் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். வான்கோழியை வெளியே எடுங்கள். இப்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுதான் எண்ணெயின் மட்டம். அடையாளம் போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுப் பானையைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலரவிடுங்கள். வான்கோழி உள்ளே இருக்கும்போது தண்ணீருக்கும் பானையின் விளிம்புக்கும் நடுவே சில அங்குல இடைவெளி இல்லையென்றால் பானை சிறியது, பறவை பெரியது. அப்போது திட்டத்தை மாற்றுங்கள், பறவையைத் திணிக்காதீர்கள்.

வியாழக்கிழமை: இடமும் ஆளும்

வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், சமதளமான சிமெண்ட் தரையில் அல்லது மண்தரையில். சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி. மர டெக்கில் வேண்டாம். கராஜில் வேண்டவே வேண்டாம், கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். மழையோ பனியோ பெய்தால் வான்கோழி ஓவனுக்குப் போகட்டும். மழைத்துளியும் தண்ணீர்தானே.

புடவையும் துப்பட்டாவும் பட்டு வேஷ்டியும் மேஜைக்கு அழகு, அடுப்புக்கு ஆகாது. நைலான், பாலியஸ்டர் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டை, முழுக் கால்சட்டை, மூடிய காலணி, முழங்கைவரை வரும் கையுறை, கண்ணாடி. பக்கத்தில் எண்ணெய்த் தீயை அணைக்கும் ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று, பானைக்குச் சரியான மூடி ஒன்று.

இப்போது முக்கியமான காரியம். பானைக்கு ஒருவர் பொறுப்பு. ஒரே ஒருவர். வயதில் பெரியவர், நன்றாகத் தூங்கி எழுந்தவர். இரவுப் பணி முடித்து வந்த நர்ஸ் அக்காவிடம் தயவுசெய்து பானையை ஒப்படைக்காதீர்கள். பொறுப்பாளர் கையில் போன் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் நாங்கள் பணி முடிந்து போகும்போது, அடுத்து வருகிறவரிடம் நோயாளியைப் பற்றி நேருக்கு நேர் சொல்லி ஒப்படைக்காமல் படுக்கையை விட்டு நகரமாட்டோம். பானைக்கும் அதே ஒழுங்குதான். "அண்ணே, நான் உள்ளே போறேன், இனி நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லி, அண்ணன் "சரி தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்று வாயைத் திறந்து பதில் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். நாலு அங்கிள்மார் சுற்றி நின்று ஊர்க்கதை பேசும் இடத்தில், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து ஒருவரும் பார்க்காமல் போவதுண்டு.

பானையைச் சுற்றி 10 அடிக்கு ஒரு கயிறோ சாக்கட்டிக் கோடோ போடுங்கள். அதற்குள் பிள்ளைகளும் நாயும் பந்தும் வரக் கூடாது.

இறக்குவது, பொரிப்பது, எடுப்பது

எண்ணெய் 350 டிகிரி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். புகை தெரிந்தால் உடனே பர்னரை அணையுங்கள்.

சூடு வந்ததும், பறவையை இறக்குவதற்கு முன் பர்னரை முழுவதும் அணைத்துவிடுங்கள். மறக்கக் கூடாத அடி இதுதான். எண்ணெய் வழிந்தாலும் பற்றிக்கொள்ளக் கீழே தீ இருக்காது. கொக்கியில் மாட்டிய வான்கோழியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். பொங்கினால் நிறுத்துங்கள், அடங்கியபின் தொடருங்கள். முழுவதும் இறங்கி எண்ணெய் அமைதியான பிறகு பர்னரை மறுபடியும் பற்றவையுங்கள்.

பவுண்டுக்கு 3 முதல் 5 நிமிடம். 12 பவுண்டுக்கு 36 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஆனால் கடிகாரத்தை நம்பி இலையில் போடாதீர்கள். நேரம் வந்ததும் பர்னரை அணைத்துவிட்டுப் பறவையைத் தூக்கி, இறைச்சித் தெர்மாமீட்டரை மார்பின் தடித்த பகுதியிலும், தொடையின் உட்பகுதியிலும், சிறகின் உட்பகுதியிலும் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். மூன்று இடத்திலும் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஒன்றில் குறைந்தாலும் மறுபடியும் எண்ணெய்க்கு. வெந்தபின் 20 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

எல்லாரும் உள்ளே போன பிறகு

தீப்பிடித்து எரியும் வீடியோக்களை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அதைவிடப் பயம் தருவது வேறொரு நேரம். வான்கோழி உள்ளே போய்விட்டது. ஐயா ஜெபம் பண்ணுகிறார், போட்டோ எடுக்கிறார்கள், வாசனை தெருவரை வருகிறது. வெளியே பானை தனியாக நிற்கிறது. பர்னர் அணைந்திருப்பதால் தீ இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஏறக்குறைய 3 கேலன் எண்ணெய் இன்னும் சுடச்சுட இருக்கிறது. அது ஆற மணிக்கணக்கில் ஆகும். ஓடிப்பிடித்து விளையாட வெளியே வரும் பிள்ளைக்கு அது வெறும் பானை.

அந்தச் சுடும் பானையை இடம் மாற்றலாம் என்று தூக்கிய பெரியவர்களின் கைகளையும் பாதங்களையும் நாங்கள் கட்டுப் போட்டிருக்கிறோம். குழந்தைகளின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது. அதே எண்ணெய் அதே நேரம் பட்டாலும் காயம் ஆழமாகப் போகும். அந்தக் காயத்துக்குத் துணி மாற்றும் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை அழும் அழுகையை, வாசலில் நிற்கும் தகப்பன் கேட்டுக்கொண்டு நிற்பார். தோல் ஒட்டு வைத்த இடம் பிள்ளை வளரும்போது கூடவே வளராமல் இழுக்கும். சில பிள்ளைகளுக்கு வருஷங்கள் கழித்தும் மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும். பயமுறுத்த இதை எழுதவில்லை. ஒரு மதியச் சாப்பாட்டின் விலை இவ்வளவு ஆகக் கூடாது என்பதற்காக எழுதுகிறோம்.

ஆகவே எண்ணெய் ஆறும்வரை ஒருவர் பானையோடு இருக்கட்டும். அவருக்குத் தட்டை வெளியே கொண்டுபோய்க் கொடுங்கள். அரை மணிக்கு ஒருவர் என்று மாறிக்கொள்ளுங்கள். தம்பிமாரே, மீசை அரும்பியவுடன் எண்ணெயில் இறக்குகிற வேலையைக் கேட்காதீர்கள், இந்தக் காவல் வேலையைக் கேளுங்கள். வீட்டில் உங்களை நம்பலாம் என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. மறுநாள் காலை, முழுவதும் குளிர்ந்த எண்ணெயை வடிகட்டிப் புட்டியில் அடையுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

தீயோ புண்ணோ நேர்ந்தால்

பானை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கிட்டே போக முடிந்தால் கேஸை அடையுங்கள், மூடியைப் போடுங்கள். முடியாவிட்டால் எல்லாரையும் தள்ளி நிறுத்தி 911 கூப்பிடுங்கள். வான்கோழி போனால் போகட்டும்.

எண்ணெய் மேலே பட்டால், பட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரின் கீழ் காட்டுங்கள். குளிர்ந்த தண்ணீர், ஐஸ் அல்ல. 20 நிமிடம். எண்ணிப் பார்த்தால் அது நீண்ட நேரம், ஆனாலும் விடாதீர்கள். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். எண்ணெய் நனைத்த துணியை அகற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் விடுங்கள். சிறு பிள்ளை என்றால் காயத்தைக் குளிர்விக்கும்போது உடம்பின் மற்ற பகுதியைப் போர்த்தி வையுங்கள்.

பிறகு சுத்தமான, பஞ்சு உதிராத துணியால் தளர்வாக மூடுங்கள். இட்லி மாவு, நீல மை, பற்பசை, வெண்ணெய், மஞ்சள், தேன் என்று ஊரில் சொன்ன எதையும் பூசாதீர்கள். அவை சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும், கிருமியைச் சேர்க்கும். நாங்கள் காயத்தைப் பார்ப்பதற்காக அவற்றைத் தேய்த்து எடுக்கும்போது நோவு இரட்டிப்பாகும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பட்டவருடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு அவர் உடம்பில் சுமார் ஒரு சதவீதம். காயம் அதைவிடப் பெரிதென்றால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டால் அளவு பார்க்காமல் அவசர சிகிச்சைக்கு வாருங்கள். "பண்டிகை நாளும் அதுவுமா, நாளைக்குப் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்குத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். அதற்காகத்தான் அங்கே நிற்கிறோம்.

மிச்சம் மீதி

சமைத்த 2 மணி நேரத்துக்குள் மீதியை எலும்பிலிருந்து உருவிச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஃபிரிட்ஜில் வையுங்கள். 3, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை எலும்பில் மிளகு ரசம், சனிக்கிழமை கறியில் கொத்து பரோட்டா. ஞாயிறு காலை சபைக்கு வரும்போது வான்கோழி முடிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், அவசரமாக வாசித்தால் தாண்டிப்போய்விடும் ஒரு கட்டளை இருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், ஒருவன் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டுக்காரன்மேல் வரும் என்பது அதன் சாரம். அந்நாட்களில் மொட்டைமாடி ஜனங்கள் கூடுகிற இடம். உட்காருவார்கள், பேசுவார்கள், விருந்தாளியைப் படுக்கவைப்பார்கள். மாடிக்குப் போகாதே என்று ஆண்டவர் சொல்லவில்லை. கூடுங்கள், சந்தோஷப்படுங்கள், ஆனால் சுவரைக் கட்டிவிட்டுக் கூடுங்கள் என்கிறார். யாரோ ஒரு பிள்ளை விளிம்பருகே போகும் என்பதை முன்கூட்டியே யோசிப்பது வீட்டுக்காரனுடைய அன்பின் ஒரு பங்கு. "கர்த்தர் காப்பார்" என்று சொல்லிச் சுவரைக் கட்டாமல் விடுவதை அந்த அதிகாரம் விசுவாசம் என்று எண்ணவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகையைப் பார்த்த தாத்தாமார் உங்களில் பலர் வீட்டில் இருப்பார்கள். ஊருக்கே சோறும் குழம்பும் பொங்கும் அந்த அண்டாக்களின் அருகே யார் நின்றார்கள், சின்னப் பிள்ளைகளை எங்கே நிறுத்தினார்கள் என்று இந்த வியாழக்கிழமை அவர்களிடம் கேளுங்கள். பிறகு வெளியே போய், உங்கள் பானையைச் சுற்றியும் அந்தக் கோட்டைப் போடுங்கள்.

இந்தப் பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம்: கேரல் ரவுண்ட்ஸுக்குப் போகும் தொண்டையைக் குளிரிலிருந்து காப்பது எப்படி?